தினசரிக்கும் வாரக் கடைசிக்கும் ஒரே கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். ஞாயிறு விடிகாலையில், எங்கும் போய்ச்சேர வேண்டிய அவசரமில்லாமல், ஓட்டுகிற சுகத்துக்காகவே ஓட்டவும் கார் வேண்டும். நிறுத்த இடமோ கையில் பணமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே கார் இரண்டுக்கும் சரிவருமா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஆகிவிடாதா?

சரிவரும். எந்தப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வேலைக்குப் போக முக்கால் மணி நேரம், திரும்ப முக்கால் மணி நேரம், ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு ஏழரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓட்டுவது இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் மழை, விருந்தாளி, உடம்பு சரியில்லை என்று எந்தத் தடையும் வராத வாரத்தில்தான். ஆக, காருக்குள் கழியும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நெரிசலுக்கும் சிக்னலுக்கும் போய்விடுகிறது.

அதனால்தான் நான் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: முதலில் அது நல்ல தினசரிக் காராக இருக்கட்டும், நாம் கொஞ்சம் உற்சாகமாக ஓட்டினால் அதுவும் உற்சாகமாகக் கூட வரட்டும். வாரக் கடைசிக்கென்றே செய்த காரை வாங்கி, மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்ளலாம் என்று இறங்குவது பெரும்பாலும் தேறுவதில்லை. நானும் ஒருமுறை அப்படி ஒரு தாழ்வான, விறைப்பான காரை வாங்கிப் பதினோரு மாதத்தில் விற்றேன். வளைவுகளில் அருமையான கார் அது. ஆனால் ஐந்து நாளும் அதில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுக்கவே மனம் வரவில்லை.

இந்த இரட்டை வேலைக்குச் சரியான கார் செய்ய முடியும் என்பதை 1976-இலேயே விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காட்டிவிட்டது. பின்கதவு, மடக்கக்கூடிய பின்சீட்டு எல்லாம் உள்ள சாதாரணக் குடும்பக் கார்தான். அதில் 1.6 லிட்டரில் 110 குதிரைத்திறன் எஞ்சினை வைத்தார்கள். முதலில் 5,000 கார்கள் செய்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். முதல் தலைமுறையே 4,50,000-ஐத் தாண்டி விற்றது. அத்தனை பேருக்கும் நமக்கிருக்கும் அதே தேவைதான் இருந்திருக்கிறது.

தேடலை எங்கிருந்து தொடங்குவது?

விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் உங்கள் ஓட்டத்தைக் குறித்துவையுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்தீர்கள், என்ன சாமான் ஏற்றினீர்கள், எங்கே நிறுத்தினீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை வரும் தேவைக்காக ஏழு பேர் அமரும் காரை வாங்கி, மீதி நாளெல்லாம் காலி சீட்டுகளைச் சுமந்துகொண்டு திரிவது இந்தக் குறிப்பேட்டால் தவிர்ந்துவிடும். அந்த இரண்டு நாளுக்கு வாடகைக் கார் போதும்.

எனக்கு என்ன மாதிரி ஓட்டம் பிடிக்கும் என்றே தெரியவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்காமலே கார் வாங்கிவிடுகிறார்கள். ஓட்டும் சுகம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள். இன்னொருவருக்கு நீண்ட நெடுஞ்சாலையில் சத்தமில்லாமல் நானூறு கிலோமீட்டர். வேறொருவருக்குக் கூரையைத் திறந்துவிட்டு மெதுவாகப் போவது. மண்பாதையில் இறங்கினால்தான் சிலருக்கு உயிர் வரும். வளைவுக்கு இலேசான கார் வேண்டும், நெடுஞ்சாலைக்கு நீளமான வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம்) நல்ல சீட்டும் வேண்டும், மண்பாதைக்குத் தரையிலிருந்து உயரம் வேண்டும். ஒரே காரில் இவை மூன்றையும் கேட்டால் மூன்றும் அரைகுறையாகத்தான் கிடைக்கும்.

இதுவரை ஓட்டியவற்றில் எந்தப் பயணம் முடிந்தபோது "இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருக்கலாம்" என்று தோன்றியது? அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். விடை அங்கேயே இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் வளைவுப் பாதை விரும்பிகளை மனதில் வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் நானும் அந்தக் கட்சி.

எத்தனை குதிரைத்திறன் இருந்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. திறனை மட்டும் பார்க்காமல் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் கோல்ஃப் ஜிடிஐயின் எடை சுமார் 810 கிலோ. 110 குதிரைத்திறன் அதற்கு டன்னுக்கு 136 என்று வருகிறது. இன்றைக்கு 1,600 கிலோ எடையுள்ள ஓர் எஸ்யூவி அதே விகிதத்தை எட்ட ஏறத்தாழ 217 குதிரைத்திறன் வேண்டும். அப்படி எட்டினாலும் நேர்கோட்டில் மட்டும்தான் சமம். வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தக் கூடுதல் எடை கூடவேதான் வரும். டயரையும் பிரேக்கையும் அதுதான் தின்னும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பலமான கார்களில் இரண்டாவது கியரை முழுக்க இழுத்தாலே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். மூன்றாவதை முழுக்க இழுத்தால் பெரும்பாலான பொதுச்சாலைகளில் அது குற்றம். அப்படியானால் அந்த எஞ்சின் தன் முழுக்குரலில் பாடுவதை நீங்கள் எப்போது கேட்பீர்கள்? இரண்டு விநாடிக்கு மேல் கேட்க வழியில்லை. 120, 140 குதிரைத்திறன் உள்ள ஒரு டன் காரில் எஞ்சினை முழுக்கச் சுழலவிட்டு, கியர் மாற்றி, மறுபடி சுழலவிட்டு, அதற்குப் பிறகும் சட்டத்துக்குள்ளேயே இருக்கலாம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 சுமார் 115 குதிரைத்திறனோடுதான் வந்தது. வேகத்தில் அதை முந்தும் கார்கள் அன்றைக்கே ஏராளம். ஆனாலும் 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் செய்துவிட்டார்கள்.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் இந்தக் கார் சுவாரஸ்யமாக இருக்கிறதா? ஐம்பதில் ஊமையாக இருந்து நூற்றைம்பதில்தான் பேசத் தொடங்கும் கார், தினசரி வாழ்க்கையில் நம்மோடு பேசப்போவதே இல்லை.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

முதலில் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: மேனுவல். கியரை நாமே போடும்போது எஞ்சினோடு ஒரு பந்தம் உண்டாகிறது. குறைந்த வேகத்திலும் கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து போகிறவருக்கு நான் மேனுவலை வற்புறுத்த மாட்டேன். இடது முழங்கால் வலியெடுத்தவருக்கு இந்தத் தத்துவமெல்லாம் உதவாது. மேனுவல்தான் என்று முடிவெடுத்தால் கிளட்ச் எவ்வளவு கனமாக இருக்கிறது, எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதை நெரிசலிலேயே சோதித்துப் பாருங்கள். ஷோரூமில் நின்றபடி பத்து தடவை மிதித்தால் எல்லாக் கிளட்சும் இலேசாகத்தான் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கைந்து வகை இருக்கிறது. அவற்றின் குணமும் வேறு வேறு. டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் இருக்கிறது. அதனால் ஊர்ந்து போவதில் அதற்கு நிகர் கிடையாது. இந்தக் காலத்து எட்டு கியர் வகைகள் வேகமாகவும் மாறுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்றால் என் முதல் கை இதன்மேல்தான் போகும். இரட்டைக் கிளட்ச் வகை, அடுத்த கியரை முன்கூட்டியே இன்னொரு கிளட்சில் தயாராக வைத்திருப்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடும். வாரக் கடைசிக்கு அபாரம். ஆனால் மெதுவாக ஊரும்போது அதன் கிளட்சும் அரைப்பிடியில் உரசிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையாக இருந்தால் நெரிசலில் சூடேறி உதறும். எந்த வகைக் கிளட்ச் என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொள்ளும் சிவிடி நகரத்துக்கு வழுக்கலாக ஓடும், எரிபொருளும் மிச்சம். ஆனால் அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, வேகம் பின்னால் மெல்ல வரும். ஒற்றைக் கிளட்சைத் தானியங்கியாக்கிய ஏஎம்டி விலையில் சிக்கனம். ஒவ்வொரு கியருக்கும் நடுவில் வரும் தலையாட்டல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனும் பெரிய அலாய் சக்கரமும் வைத்த உயர் மாடலை எடுக்கலாமா?

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று எழுதியிருக்கும். 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவர் சுமார் 113 மில்லிமீட்டர். அதே காரின் உயர் மாடலில் 225/40 ஆர்18 போட்டிருப்பார்கள். மொத்த டயரின் விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். சாலைக்கும் உங்கள் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கும் முதல் மெத்தை அந்தப் பக்கச்சுவர்தான். அதில் 23 மில்லிமீட்டர் போய்விட்டது. ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயர் நசுங்கி ரிம்மே அடிவாங்குவதும், பக்கச்சுவர் புடைத்துக்கொள்வதும் இதனால்தான். புடைத்த டயரை ஒட்டி ஓட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பெரிய சக்கரம் எடையும் கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால், மேடுபள்ளத்தில் சக்கரம் சாலையோடு ஒட்டிப் போவது கடினமாகும். பளபளவென்று சமமான சாலையில் 18 அங்குலம் கூர்மையாகத் திரும்புவது உண்மைதான். ஒட்டுப்போட்ட சாலையில் 16 அங்குலக் கார்தான் தரையைப் பிடித்துக்கொண்டு போகும், ஓட்டுபவருக்கும் நம்பிக்கை தரும். நடு அளவு இருந்தால் அதை எடுங்கள். அழகுக்காகப் பெரிய சக்கரம் வாங்கியவர் ஒவ்வொரு வேகத்தடையையும் ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதும் ஷாக் அப்சார்பர் நல்லதாக இருப்பதும் ஒன்றல்ல. நல்ல ஷாக் அப்சார்பர் உள்ள கார் பள்ளத்தில் ஒருமுறை அசைந்து அடங்கிவிடும். மட்டமானது விறைப்பாக இருந்தும் இரண்டு மூன்று முறை துள்ளும். பணம் இடம் கொடுத்தால், விறைப்பை ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளும் வகையைத் தேடுங்கள். இது காருக்கு இரண்டு முகம் கொடுக்கும் வசதி. ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2017-இல் வந்தபோது, அத்தனை ஆக்ரோஷமான காருக்கும் ஒரு கம்ஃபர்ட் நிலையைச் சேர்த்தார்கள். தினமும் ஓட்டுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்தக் காரில் கொஞ்ச தூரம் போனாலே தெரியும்.

நல்ல டயர் போட்டால் போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. காரின் குணத்தை மாற்றுவதில் டயருக்கு இணையாக எதுவும் இல்லை. எந்த நேரத்திலும் சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் டயருக்கு டயர் பல மீட்டர் மாறும். ஆனால் பிடிமானம் கூடினால் சுகமும் கூடும் என்று முடிவுகட்ட வேண்டாம். 2012-இல் டொயோட்டா ஜிடி86 வந்தபோது, எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காருக்குக் கொடுத்த அதே வகை டயரை அதற்கும் கொடுத்தார்கள். 200 குதிரைத்திறன் உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிக்கன டயர்! வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். டயர் பிடிமானத்தின் எல்லை குறைந்த வேகத்திலேயே வந்துவிடும், மெதுவாக வரும், ஓட்டுபவரால் அதை உணர முடியும்.

பந்தயத்துக்கு நெருக்கமான மென்மையான டயரைத் தினசரிக்குப் போடாதீர்கள். சீக்கிரம் தேயும், இரையும், நிறைந்த மழையில் தண்ணீரை வெளியே தள்ளத் திணறும். குளிர் அதிகமான இடமென்றால், சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹேட்ச்பேக், செடான், கூப்பே, ரோட்ஸ்டர், எஸ்யூவி: எது?

வளைவு விரும்பிக்கு ஹேட்ச்பேக்தான் இயல்பான விடை. நீளம் குறைவு, எடை குறைவு, பின்சீட்டை மடக்கினால் சைக்கிளே ஏறும். மூன்று பேருக்கு மேல் அடிக்கடி ஏற்றுபவர், நெடுந்தூரம் போகிறவர் என்றால் செடான். கூரை திறக்கும், இருவர் மட்டும் அமரும் ரோட்ஸ்டர் மனதைக் கொள்ளைகொள்ளும். ஆனால் இன்றைய எம்எக்ஸ்-5-இன் டிக்கி சுமார் 130 லிட்டர்தான், கோல்ஃப் அளவு காரிலோ ஏறத்தாழ 380. தனியாள் அல்லது இருவர் மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம், அப்படி வருடக்கணக்கில் சந்தோஷமாக ஓட்டுபவர்களும் உண்டு.

எஸ்யூவியின் உயரம் ஏறி இறங்கவும் சாலையைப் பார்க்கவும் வசதி. அதே உயரம்தான் வளைவில் சாயவைக்கிறது. சாயாமல் இருக்கச் சஸ்பென்ஷனை விறைப்பாக்கினால் சவாரி கெடும். மண்பாதை உங்கள் விருப்பமாக இல்லாவிட்டால் ஒரு படி தாழ்வான காரைப் பாருங்கள்.

பின்சக்கர இயக்கம் இருந்தால்தான் சுகமா?

கட்டாயமில்லை. பின்சக்கர இயக்கத்தில் திருப்புவது முன்சக்கரத்தின் வேலை, தள்ளுவது பின்சக்கரத்தின் வேலை என்று பிரிந்திருப்பதால் ஸ்டீரிங்கில் எஞ்சினின் இழுப்பு கலக்காது. ஆனால் நல்ல முன்சக்கரக் கார் இலேசானது, உள்ளே இடம் அதிகம், மழையில் பயமில்லை. முன்சக்கரத்தில் 200 குதிரைத்திறனுக்கு மேல் போனால் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது ஸ்டீரிங்கைக் கையிலிருந்து இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்துகொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருந்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாது.

டீசல்?

தினமும் நெடுஞ்சாலையில் தூரமாகப் போகிறவருக்குச் சரி. பத்து நிமிட ஓட்டங்களுக்கு வேண்டாம். புகைவடிகட்டியில் சேரும் கரியை எரிக்க அங்கே சுமார் 600 டிகிரி வெப்பம் வர வேண்டும். குட்டி ஓட்டங்களில் அது வருவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

மின்சார கார் எடுத்தால் ஓட்டும் சுகம் போய்விடுமா?

தினசரிப் பாதிக்கு மின்சார காரை மிஞ்ச எதுவும் இல்லை. மிதித்த கணத்தில் இழுவை, சத்தமில்லை, கியரில்லை. காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தையும் திருப்பிச் சேர்த்துவிடும். நெரிசலில் ஒரே பெடலில் ஓட்டிப் பழகியவர் பழைய முறைக்குத் திரும்ப விரும்புவதில்லை.

வாரக் கடைசிப் பாதியில் சிக்கல் எடைதான். பேட்டரி கீழே தரைமட்டத்தில் இருப்பதால் சாய்வு குறைவு, உண்மை. ஆனால் எடை எடைதான். டயர் தேய்வில் அது தெரியும், திசை மாற்றும்போது தெரியும். 2023-இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 'என்' (N) மாடல் சுமார் 2,200 கிலோ. அதை வளைவுகளில் விளையாடவைக்க நிறைய உழைத்திருக்கிறார்கள். கியர் மாறுவதுபோன்ற உணர்வையும் சத்தத்தையும்கூடச் செயற்கையாக உண்டாக்கியிருக்கிறார்கள். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு இலேசான சின்ன மின்சார கார்களின்மேல்தான் ஆசை அதிகம். வீட்டிலேயே சார்ஜ் செய்ய வழி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் தினசரி வசதி என்ற பெரிய நன்மையே பாதியாகிவிடும்.

வீட்டில் குழந்தை இருக்கிறது. இரண்டு கதவுக் கூப்பே எடுக்கலாமா?

குழந்தைக்கு நான்கு, ஐந்து வயது ஆகும்வரை வேண்டாம் என்பேன். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை முன்சீட்டைச் சாய்த்து, குனிந்து, உள்ளே நுழைத்து மாட்டிப் பாருங்கள். ஒருமுறை செய்தாலே புரியும். அந்த இருக்கை பின்னால் இருக்கும்போது முன்சீட்டு எவ்வளவு முன்னே தள்ள வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். நான்கு கதவு உள்ள வேகமான ஹேட்ச்பேக் இதற்கென்றே பிறந்தது.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? ஷோரூம்காரர் பத்து நிமிடம்தான் தருகிறார்.

பத்து நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். உங்கள் பாதையில், உங்கள் நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று கேளுங்கள். தரவில்லையென்றால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கார் விலையோடு ஒப்பிட்டால் அந்த வாடகை ஒன்றுமே இல்லை.

ரேடியோவை நிறுத்துங்கள். உடைந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போய், தலை ஆடுகிறதா, உள்ளே ஏதாவது கடகடக்கிறதா என்று கவனியுங்கள். 80-க்கும் 100-க்கும் நடுவில் ஒரே வேகத்தில் வைத்து, சைலன்சர் சத்தம் காதில் ரீங்காரமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் இனிமையாக இருக்கும் சத்தம் இரண்டு மணி நேரத்தில் தலைவலி. ஒரு வளைவில் மிதமான வேகத்தில் திரும்புங்கள். திருப்பத் திருப்ப ஸ்டீரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமாகி, விட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். பிரேக்கை மெல்ல அழுத்தினால் மெல்லவும், இறுக்கினால் இறுக்கமாகவும் பிடிக்க வேண்டும். முதல் தொடுதலிலேயே மூக்கைக் குத்தும் பிரேக் நெரிசலில் எரிச்சல்.

அப்புறம் சீட்டு. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், என் கணக்கில் எஞ்சினுக்கு முன்னால் வருவது இதுதான். நாற்பது நிமிடமாவது உட்கார்ந்த பிறகே சீட்டைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியும். தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா, ஸ்டீரிங் உங்களை நோக்கி நீளுமா, கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கிறதா? கடைசியாக, உங்கள் இடத்தில் பின்னோக்கி நிறுத்திப் பாருங்கள்.

பழைய காராக எடுக்கலாமா?

இந்தத் தேவைக்குப் பழைய கார் நல்ல யோசனை. ஆனால் ஆசையாக ஓட்டப்பட்ட கார்கள் அதிகம் உள்ள சந்தை இது. நான்கு டயரும் ஒரே கம்பெனியா பாருங்கள். நல்ல காருக்கு நாலு விதமான மலிவு டயர் போட்டவர் எஞ்சின் ஆயிலிலும் மிச்சம் பிடித்திருப்பார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது அடிபட்டிருக்கிறது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டிய, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்களை நான் தொடுவதில்லை. எவ்வளவு அருமையாக இருந்தாலும்.

எந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்?

டயர், எரிபொருளின் தரம், இன்சூரன்ஸ். 18 அங்குல டயர் நான்கின் விலையைக் கார் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் 95 ஆக்டேனா, 98-ஆ என்று எழுதியிருக்கும். உயர்ந்தது கட்டாயம் என்றால் அதைத் தினசரிக் கிலோமீட்டருக்கும் கணக்குப் போட வேண்டும். பின்னால் ஏதாவது மாற்றம் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் கோரிக்கை நேரத்தில் தகராறு வரும்.

இதே காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் முதலில் பிரேக் திரவத்தை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை போகும். தடம் இல்லாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நீண்ட மலையிறக்கத்திலும் இதேதான் நடக்கும். வழக்கமான இன்சூரன்ஸ் பெரும்பாலும் தடத்தில் நடப்பதை ஏற்காது, கேட்டுக்கொண்டு போங்கள்.

அந்தப் பணத்தில் இரண்டு பழைய கார் வாங்கிவிட்டால்?

இடமும் பராமரிக்கப் பொறுமையும் இருந்தால் அதுவும் நல்ல வழிதான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு சர்வீஸ், எடுக்காமலே கிடந்து செத்துப்போகும் பேட்டரி. மூன்று வாரம் நின்ற காரை எடுப்பதற்குள் ஞாயிறு காலை போய்விடும். ஒரே காரில் ஒரு சௌகரியம் உண்டு: புதன்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து, வழக்கமான பாதையை விட்டு நீளமான பாதையில் திரும்பலாம் என்று தோன்றினால், அந்தக் கார் அப்போது உங்கள் கையில் இருக்கும்.

சில பெயர்கள் சொல்லுங்களேன்.

சின்ன அளவில் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2017-இல் வந்த தலைமுறை 140 குதிரைத்திறனும் ஒரு டன்னுக்குக் குறைந்த எடையும் கொண்டது, நான் மேலே சொன்னதற்கெல்லாம் உதாரணம். ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, ஹூண்டாய் ஐ20 'என்' (N) இரண்டும் துடிப்பானவை, சவாரி கொஞ்சம் விறைப்பு. நடுவில் கோல்ஃப் ஜிடிஐ இன்னும் சமநிலைக்கு அளவுகோல். இருவருக்கு மட்டும் என்றால் எம்எக்ஸ்-5. இவற்றில் சிலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது (ஃபியஸ்டா 2023-இல்), மற்றவையும் எல்லா இடத்திலும் விற்கப்படுவதில்லை. பெயரை விட்டு அளவையும் எடையையும் வைத்து உங்களுக்குக் கிடைப்பதில் தேடுங்கள்.

வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

அவர்களையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போங்கள், பின்சீட்டிலும் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வளைவில் ரசிக்கும்போது பின்னால் இருப்பவருக்குக் குமட்டினால் அந்தக் கார் உங்கள் வீட்டுக்கு ஆகாது, அடுத்ததைப் பாருங்கள். அவர்களும் ஓட்டுவார்கள் என்றால் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். எதிர்ப்பு அங்கேயே கரைந்ததை நான் இரண்டு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது கார் வாங்கியவருடைய அம்மா.